மேயர் எண்ணிய சப்பாத்துகள்

"சனம் ஓடுது அண்ணை, ஓடுது! உங்கட சோசலிச மேயர்மாரின்ரை ஆட்சி தாங்கேலாமல் லண்டனின்ரை இந்தப் பக்கமே காலியாகுது!"

"ஆர் ஓடுறது? எங்கை ஓடுறது? ஒரு ஆளைக் காட்டும் பாப்பம்!"

"பேப்பர் பாக்கிறேல்லையோ? வருசா வருசம் சனத்தொகை குறையுதெண்டு அரசாங்கமே சொல்லுது. எங்கட டூட்டிங்கிலை இந்த வருசம் போல் டாக்ஸ் ஒரு சதமில்லை. ஒரு சதமில்லை! இஞ்சை தலைக்கு எவ்வளவு அறவிடுகினம் உங்கட மேயர்மார்?"

"ஓமோம். பள்ளிக்கூடத்தைப் பூட்டி, கிழடுகளுக்குச் சாப்பாடு குடுக்கிறதை நிப்பாட்டி வரியைக் குறைக்க எந்த விசரனாலும் ஏலும்!"

முதலில் கத்தியவர் ஆனந்தராஜா, டூட்டிங்கிலிருந்து காரில் வந்தவர். பதில் கத்தியவர் என் பக்கத்து வீட்டு யோகலிங்கம். இடம் கிழக்கு லண்டன், மனோர் பார்க்கில் யோகலிங்கத்தின் முன்னறை. 1991 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சிவனேஸ்வரிக்குக் கறிவேப்பிலை கொடுக்கப் போனேன். கொடுத்து முடிந்துவிட்டதுதான். ஆனால் சண்டை தொடங்கிய வீட்டிலிருந்து பாதியில் எழும்பிப் போவது மரியாதையில்லை.

யோகலிங்கம் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோதே மே தின ஊர்வலத்தில் முன்வரிசையில் போனவர். இங்கே ரயில் நிலையத்தில் டிக்கட் பார்க்கிற வேலை. லேபர் கட்சியின் வட்டாரக் கூட்டம் ஒன்றும் தவறவிடமாட்டார். அவருடைய முன்னறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாடிக்காரரின் படமும் இருக்கும். சிவனேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுவாள்.

ஆனந்தராஜா கணக்காளர். கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குப் போடுகிற தமிழரை நான் கண்டது அவரில்தான். அதை அவர் மறைக்கவும் மாட்டார். புதுக் கார் வாங்கியவர் சொல்வதுபோலச் சொல்லுவார். டூட்டிங் பக்கத்துக் கவுன்சிலும் அந்தக் கட்சியின் கையில்தான்; எங்கள் பக்கம் லேபர்.

ஆனால் அன்று அவர் டூட்டிங்கிலிருந்து அவ்வளவு தூரம் வந்தது மேயர்மாரைப் பற்றிக் கதைக்க அல்ல. காரின் பின்பக்கத்தை வெறுமையாக்கி, பழைய போர்வை ஒன்றையும் விரித்துக்கொண்டு வந்திருந்தார். அக்காவையும் அவளுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்தவர்.

அந்த அக்கா, தவமலர், கதவோரக் கதிரையில் இருந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பதுக்குக் கிட்ட, கல்யாணமாகவில்லை. எண்பத்தாறில் வந்தவள். முதலில் தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி பெண்சாதிக்கு அப்போது இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. தவமலர் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் டூட்டிங் கடைத்தெருவைக்கூடக் கண்டதில்லை என்று சிவனேஸ்வரி சொல்லுவாள். பிறகு தையல் ஃபாக்டரி வேலை ஒன்று கிடைத்தது என்று சொல்லி இந்தப் பக்கம் வந்து, தூரத்துச் சொந்தமான சிவனேஸ்வரியின் மேல்மாடிச் சின்ன அறையில் குடியேறினாள். சனிக்கிழமைகளில் கவுன்சில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தத் தொடங்கினாள். ஐந்து பிள்ளைகளோடு தொடங்கியது, அறுபதாக வளர்ந்தது.

இப்போது தம்பி பெண்சாதி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். "அக்கா வந்து நிக்கட்டும்" என்று தம்பி கேட்டபோதெல்லாம் தவமலர் சொன்ன பதில் ஒன்றுதான்: "வகுப்பு நடக்குமட்டும் நான் வரேலாது தம்பி." முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராத பெண் பிள்ளைகள் சொல்லும் பதில் அது. அதில் ஒரு ஆபத்து இருந்தது. வகுப்பு நடக்காவிட்டால்?

அந்தக் கிழமைதான் கவுன்சில் அதிகாரி ஒருவர் வகுப்புக்கு வந்து, பங்குனியோடு மண்டபத்தை வேறொரு சங்கத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "எங்கள் கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதியில் தமிழர்கள் கிட்டத்தட்ட இல்லையே" என்றாராம். அவர் அப்படிச் சொல்லும்போது பின்னால் அறுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்து, இவர்கள் வெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களாக்கும் என்று முடிவு செய்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. என்ன நடந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கும் விளங்கும்.

அந்தக் கோடையில் கவுன்சில் ஒரு பொடியனை வீடு வீடாக அனுப்பியது. எத்தனை பேர் இருக்கிறீர்கள், வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று அவன் கேட்டான். எந்தப் பாஷைக்காரருக்கு எங்கே மண்டபம், எங்கே நூலகத்தில் புத்தகம் என்று தீர்மானிக்கத்தான். நல்ல நோக்கம். ஆனால் கழுத்தில் அட்டை, கையில் பேனாவோடு வருகிற வெள்ளைக்காரனைக் கண்டால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: போல் டாக்ஸ்காரன் வந்துவிட்டான். தலைக்கு இவ்வளவு என்ற வரி அது. வீட்டில் எத்தனை தலை என்று கேட்டால், இருக்கிற தலையைக் குறைத்துச் சொல்வதுதானே புத்தி? அதுவும் அகதியாக வந்து ஒரு அறையில் நான்கு பேராகப் படுக்கிற பொடியன்கள் இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே எங்கள் தெரு முழுவதும் ஒரே பதில். எத்தனை பேர்? இரண்டு பேர். வீட்டில் என்ன பாஷை? இங்கிலிஷ். இங்கிலிஷ் மட்டும்தான், சேர். தமிழ் என்று சொன்னால் மேலே ஏதாவது கேட்டுவிடுவான் என்று பயம். மூன்றாம் வீட்டு மனிசி, குட்மோர்னிங்குக்கு மேல் ஒரு சொல்லும் தெரியாதவள், அவளும் தன் வீட்டுப் பாஷை இங்கிலிஷ் என்று தலையை ஆட்டினாளாம். எங்கள் வீட்டில் ஜம்புநாதன், அதாவது என் மனிசன், என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள்.

யோகலிங்கம் வீட்டில் அப்போது இருந்தவர்கள்: அவர், சிவனேஸ்வரி, மேல்மாடியில் தவமலர், கீழ்ப் பின்னறையில் வாடகைக்கு நான்கு பொடியன்கள், மாடிப்படிக்கு மேலே பெட்டி வைக்கிற அறையில் ஞானரட்ணம் என்று இன்னொரு வாடகைக்காரன். மகள் சந்திரவதனா பல்கலைக்கழகத்தில், லெஸ்டரில். கதவைத் திறந்து பதில் சொன்னவர் யோகலிங்கமேதான்.

"இரண்டு பேர்" என்றார் தோழர். "இங்கிலிஷ்" என்றும் சொன்னார்.

இப்போது அதே ஆள், சனம் ஓடவில்லை, சனம் வந்து குவிகிறது என்று ஆனந்தராஜாவோடு மேசையில் குத்திக் குத்திச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் பெட்டியை அடுக்குங்கோ" என்றார் ஆனந்தராஜா கடைசியில். "வகுப்பு முடிஞ்சுது. இவையின்ரை சோசலிசம் ஒரு சின்ன மண்டபத்தைக்கூடத் தரேல்லை."

"வகுப்பு பங்குனி மட்டும் இருக்கு தம்பி" என்றாள் தவமலர். மெதுவாகச் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

"ஓம், பங்குனி மட்டும் ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை!" யோகலிங்கம் எழும்பி நின்றார். "அதுக்குள்ளை நான் மேயரைக் கூப்பிடுறன். தைப்பொங்கலுக்குப் பரிசளிப்பு. மேயர் வருவா. எங்கட ஆள் அவ. அவவின்ரை வாயாலை ஒரு சொல்லு வந்தால் காணும், மண்டபம் எங்கடை."

"மேயர் தரேல்லை எண்டால்?"

"தரேல்லை எண்டால் நானே அக்காவின்ரை பெட்டியைத் தூக்கி உம்மடை காரிலை வைக்கிறன்!"

தவமலரைக் கேட்காமலே அவளுடைய பெட்டியைப் பற்றி ஒப்பந்தம் முடிந்தது. ஆனந்தராஜா போர்வையை மடித்துக்கொண்டு வெறுங்காரோடு திரும்பிப் போனார்.

இந்த ஊர் மேயர் என்றால் என்ன என்பதில் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஒரு மயக்கம். யாழ்ப்பாணத்தில் மேயர் என்றால் தெருவில் லைட் எரிவதும் எரியாததும் அவர் கையில். இங்கே மேயர் ஒரு வருடத்துக்குப் பொற்சங்கிலி போட்டுக்கொண்டு, கட்டடம் திறந்து, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் போகிறவர். தீர்மானம் எல்லாம் கமிட்டியில். யோகலிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆனந்தராஜாவுக்கு முன்னால் வாயால் வந்துவிட்டது. வந்த சொல்லைத் திரும்ப விழுங்குகிற மனிதரல்ல அவர்.

மேயர் அம்மா வர ஒப்புக்கொண்டார். பரிசளிப்பு முடிந்ததும் தன் வீட்டில் தேத்தண்ணீர் என்று யோகலிங்கம் அதற்குமேல் ஒரு படி போனார். தை மாதச் சனிக்கிழமை, பின்னேரம். நான் வகுப்புக்குப் போகவில்லை. சிவனேஸ்வரிக்கு வடை சுட்டுக் கொடுக்க நின்றேன்.

திட்டம் இதுதான். மேயர் வரும்போது வீட்டில் இரண்டு பேர்தான் இருக்க வேண்டும், கவுன்சிலுக்குச் சொன்ன மாதிரி. வகுப்பு ஆசிரியை என்ற முறையில் தவமலர் கூட வரலாம். பொடியன்கள் நான்கு மணிக்கு வெளிக்கிட்டு எங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நேரம் இருக்கிறது என்று அவர்கள் பின்னறையில் வீடியோவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மேயர் ஒருவர் பரிசளிப்பில் பேசினால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில்தான் எல்லோரும் இருந்தோம். இந்த மேயரோ நாலு வசனம் பேசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் கை கொடுத்து, "சரி, தேத்தண்ணீர் குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டாராம்.

வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றபோது மணி மூன்றரைகூட ஆகவில்லை.

"ஐயோ, வந்திட்டினம்! பின்னாலை போங்கோ, பின்னாலை!" சிவனேஸ்வரி அகப்பையோடு ஓடினாள். பொடியன்கள் குசினிக் கதவால் பாய்ந்து, வேலியில் பலகை கழன்ற இடத்தால் எங்கள் வளவுக்குள் போனார்கள். உறைபனி நாளில் காலுறையோடு. ஞானரட்ணம் கடைசியாகப் போனவன். அவன் கார்களுக்குப் பெற்றோல் அடிக்கிற செட்டில் இரவு வேலை செய்கிறவன். நித்திரையால் எழும்பி வந்து, நான் குசினிக் கதவடியில் கழற்றி வைத்திருந்த என்னுடைய பூப்போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

நான் பின்னறைக் கதவைச் சாத்தினேன். பாய்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். எல்லாம் சரி என்று முன்பக்கம் வந்தபோதுதான் வாசலைப் பார்த்தேன்.

ஆட்களை ஒளித்துவிட்டோம். சப்பாத்துகளை ஒளிக்கவில்லை.

எங்கள் வீடுகளில் வாசலுக்கு உள்ளே சப்பாத்து கழற்றுகிற இடத்தை யாராவது கண்ணால் பார்ப்பார்களா? அது சுவர் மாதிரி, கம்பளம் மாதிரி, கிடக்கிற ஒன்று. அன்று அங்கே கிடந்தது: இரும்பு மூக்கு வைத்த ஃபாக்டரி பூட்ஸ், மா படிந்த பேக்கரிச் சப்பாத்து, எண்ணெய் மணக்கிற பெற்றோல் செட் பூட்ஸ், பெயர்போன கம்பெனியின் பெயரைப் போலவே பெயர் வைத்த ஓட்டச் சப்பாத்து இரண்டு சோடி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

கதவு திறந்தது. யோகலிங்கம், மேயர் அம்மா, தவமலர், கடைசியில் ஆனந்தராஜா. ஆனந்தராஜா ஒப்பந்தம் எப்படி முடிகிறது என்று பார்க்க வந்திருந்தார். காரில் போர்வை விரித்திருந்தது.

மேயர் அம்மா பருத்த, வெள்ளை முடிக்காரப் பெண்மணி. முன்னொரு காலம் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறினவராம். சப்பாத்துக் குவியலைக் கண்டதும், "ஓ, இங்கே கழற்றவேண்டும்" என்று தன் சப்பாத்தைக் கழற்றினார். வைக்க இடமில்லை. ஆகவே குனிந்து, கிடந்தவற்றைச் சோடி சோடியாகச் சேர்த்து, சுவரோடு வரிசையாக அடுக்கத் தொடங்கினார். "எனக்கு ஐந்து ஆண் பிள்ளைகள், இது பழகிய வேலை" என்று இங்கிலிஷில் சொன்னார். பொற்சங்கிலி முன்னும் பின்னும் ஆடியது. யோகலிங்கம் அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"இரண்டு பேர், மேடம். நானும் மனைவியும்."

மேயர் இரும்பு மூக்குப் பூட்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இவையெல்லாம் உங்களுடையதா?"

"யெஸ், மேடம்."

பின்னால் நின்ற ஆனந்தராஜா தமிழில் சொன்னார்: "ஒரு சோசலிஸ்டுக்கே இவ்வளவு சப்பாத்து எண்டால், முதலாளிக்கு எவ்வளவு இருக்கும் அண்ணை?"

நான் வடைத் தட்டால் வாயை மறைத்துக்கொண்டேன்.

முன்னறையில் தேத்தண்ணீர் குடித்தார்கள். மேயர் வடையை நன்றாகச் சாப்பிட்டார். யோகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு மண்டபக் கதையை எடுத்தார். மேயர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு உங்கள் வகுப்பு பிடித்திருந்தது. ஆனால் நான் தீர்மானிக்கிற ஆளல்ல. கமிட்டியிடம் சொல்லலாம். சொன்னால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: இங்கே தமிழர் எங்கே? எங்கள் கணக்கில் நீங்கள் இல்லை. இது உங்கள் மண்டபத்தோடு முடியவில்லை. அரசாங்கம் எங்களுக்குப் பணம் தருவது தலைக்கணக்கில். ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று சொல்லி ஒவ்வொரு வருடமும் வெட்டுகிறார்கள்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று ஆனந்தராஜா இங்கிலிஷில் பாய்ந்தார். "மன்னிக்கவேண்டும், மேடம். உங்களைப் போன்ற கவுன்சில்களின் வரிக்குப் பயந்துதான் ஆட்கள் போகிறார்கள். எங்கள் டூட்டிங்கில்..."

"உங்கள் டூட்டிங்குக்கு அரசாங்கம் எவ்வளவு கொடுக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மேயர் கேட்டார். குரலில் சிரிப்பில்லை. "நாங்கள் ஆட்களைத் துரத்துகிறோம் என்று பத்திரிகைக்காரன் எழுதட்டும். பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறவரும் அதையே சொன்னால் நான் என்ன செய்ய? எனக்குத் தெரியவேண்டியது ஒன்று. ஆட்கள் போய்விட்டார்களா, இருக்கிறார்களா?"

யோகலிங்கம் வடைத் தட்டை மேயர் பக்கம் தள்ளினார். சனம் ஓடவில்லை என்பதற்கு அத்தாட்சி அந்த நேரம் என் குசினியில் ஹீட்டரில் காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் ஆனந்தராஜா தோற்பார், மண்டபமும் கிடைக்கும். ஆனால் கட்சிக்காரன், சொந்தக் கவுன்சிலுக்கே பொய் சொன்னவன் என்று மேயருக்கு முன்னால் ஆகிவிடும். அவர் தாடிக்காரர் படத்தைப் பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை.

"சரி அக்கா" என்றார் ஆனந்தராஜா தமிழில். "பெட்டி மேலையோ?"

அப்போதுதான் தவமலர் எழும்பினாள். முதலில் யோகலிங்கத்திடம், எங்கள் பாஷையில் சொன்னாள்.

"அண்ணை, அந்தப் பெடியன் வந்து கேக்கேக்கை நீங்கள்தானே கதவைத் திறந்தனீங்கள். நான் இந்த வீட்டிலை இல்லை எண்டு சொன்னனீங்கள். இல்லாத ஒராளை எப்பிடியண்ணை நீங்கள் மறிக்கிறது?" பிறகு தம்பியைப் பார்த்தாள். "இல்லாத ஒராளை நீயும் எப்பிடி ஏத்திக்கொண்டு போறாய்?"

பிறகு மேயர் பக்கம் திரும்பி, வகுப்பில் எழுத்துக் கற்பிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக இங்கிலிஷில் சொன்னாள். "இந்த வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறோம். நான் ஒருத்தி. எட்டுப் பேரும் பேசுவது தமிழ். தெரு முழுக்க இப்படித்தான். வரிக்காரர் என்று பயந்து பொய் சொன்னோம். நான் இனிச் சொல்லமாட்டேன். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வரியும் கட்டுகிறேன்."

யோகலிங்கத்தின் முகம் இருந்த நிலையைச் சொல்ல எனக்கு விருப்பம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். ஞானரட்ணம், என் பூப்போட்ட செருப்போடு. நான்கரைக்குப் பஸ், அன்று நேரத்தோடு வேலைக்குப் போகவேண்டும், பூட்ஸ் உள்ளே.

"அக்கா, என்ரை பூட்ஸை மெல்லமா எடுத்துத் தாறியளே?" என்று ரகசியம் பேசினான். ரகசியம் முன்னறை வரைக்கும் கேட்டது.

மேயர் அம்மா எழும்பி வந்து, வரிசையில் எண்ணெய் மணத்த சோடியைச் சரியாகத் தூக்கி நீட்டினார். "இதுவா? நீங்கள் இங்கே இருக்கிறவரா?"

ஞானரட்ணம் யோகலிங்கத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். அவன் தவமலரைப் பார்த்தான். அவள், "சொல்லுங்கோவன்" என்றாள்.

"யெஸ்" என்றான். "மேலே, பெட்டி அறை."

சனிக்கிழமைகளில் இரவு வேலை முடிந்து நித்திரைகொள்ளாமல் வந்து, வகுப்புக்குக் கதிரை அடுக்கிக் கொடுக்கிறவன் இவன். சும்மா ஒருவன் அறுபது கதிரை அடுக்கமாட்டான் என்று நான் அப்போதே ஜம்புநாதனிடம் சொன்னேன். அவர்தான் தலையைத் திருப்பவில்லை.

மேயர் எல்லாச் சப்பாத்தையும் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஆனந்தராஜாவிடம், "உங்கள் ஓடிப்போன ஆட்கள் இவர்கள்தான்" என்றார். "வெறுங்காலோடு அதிக தூரம் போயிருக்கமாட்டார்கள்."

அந்தத் தடவையும் டூட்டிங்குக்குக் கார் வெறுமையாகத்தான் போனது.

மாசியில் அதே பொடியன் மறுபடியும் வீடு வீடாக வந்தான். இந்த முறை தவமலர் அவனோடு கூடவே நடந்தாள். வகுப்பில் பிள்ளையை விட்ட ஒவ்வொரு வீட்டுக் கதவடியிலும் நின்று, "உண்மையைச் சொல்லுங்கோ, இல்லையெண்டால் பிள்ளை சனிக்கிழமை வீட்டிலைதான்" என்றாள். மூன்றாம் வீட்டு மனிசி, தமிழ், தமிழ் என்று இரண்டு தரம் சொல்லி, தன் வீட்டில் பதினொரு பேர் என்று விரலால் காட்டினாள். பொடியன் திகைத்துவிட்டான். மண்டபம் தப்பியது.

போல் டாக்ஸும் வந்தது, எல்லோர் பெயருக்கும். பின்னறைப் பொடியன்கள் நான்கு பேரில் இரண்டு பேர் அடுத்த மாதமே டூட்டிங்குக்கு மாறிவிட்டார்கள். அங்கே ஒரு சதமில்லையே. ஆனந்தராஜா டெலிபோனில், "பாத்தியளே அண்ணை, ஓடுது!" என்றார். யோகலிங்கம் ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கதையைத் தெருவில் பரப்பியது நானாம். அடுத்த வருடம் அந்த வரியே இல்லாமல் போய்விட்டது.

ஆனந்தராஜாவின் பெண்சாதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க ஊரிலிருந்து மாமியார் வந்தார். தொண்ணூற்றைந்தில் குடும்பத்தோடு டொரொண்டோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே வரி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சந்திரவதனா படித்து முடித்து டூட்டிங்கில் மருந்துக்கடை வைத்திருக்கிற பையனைக் கட்டினாள். பேரப்பிள்ளை பிறந்ததும் யோகலிங்கமும் சிவனேஸ்வரியும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். குப்பை எடுக்க நேரத்துக்கு வருகிறார்கள் என்று ஒரு நாள் டெலிபோனில் சொல்லிவிட்டு, உடனே வேறு கதைக்கு மாறினார் தோழர். மேயர் அம்மா பதவி முடிந்ததும் கிளாக்டன் கடற்கரைப் பக்கம் சின்ன வீடு வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

தவமலரும் ஞானரட்ணமும் தொண்ணூற்று மூன்று ஆவணியில் சேர்ச் றோட் முருகன் கோயிலில் கல்யாணம் செய்தார்கள். யோகலிங்கத்தின் வீட்டை அவர்களே வாங்கினார்கள். என் பூப்போட்ட செருப்பு திரும்பி வரவில்லை; அந்த வீட்டு வாசலில் இன்னும் கிடக்கிறது.